மட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள்

நேப்பிள்ஸ்,
29 ஆகஸ்ட் 1973

அன்புள்ள தோனாத்தோவுக்கு,

அசுந்தா எழுதுவது. ஸ்டுட்கார்ட்டில் நீங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே தொடங்குகிறேன்.

உங்கள் கடிதம் போன புதன்கிழமை கிடைத்தது. உங்கள் மேஸ்திரி க்ரூகரும் அவர் மனைவியும் செப்டம்பர் மூன்றாம் தேதி இங்கே வருகிறார்கள், எந்தக் கடையில் என்ன சாப்பிடலாம் என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்பு, குடும்பத்தோடு இருக்க வீடு கேட்டிருக்கிறேன், அதற்கு அவர் கையெழுத்துதான் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. நேற்று அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அங்கே பத்திரிகையில் வந்ததோ இல்லையோ தெரியாது. இங்கே காலரா வந்திருக்கிறது.

பயப்பட வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை எழுத மறுக்கிறது. தெரு முழுக்கச் சுண்ணாம்பு நாற்றம். யாரும் யாருக்கும் கை கொடுப்பதில்லை. கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியைச் சாமியார் காலி செய்து கவிழ்த்து வைத்துவிட்டார். எலுமிச்சம்பழம் கிடைப்பதே அரிதாகிவிட்டது. கையில், காயில், கத்தியில், கதவுப்பிடியில் எல்லாவற்றிலும் அதைத்தான் பிழிகிறார்கள். ஊசி போட்டுக்கொள்ளத் துறைமுகம் வரைக்கும் வரிசை நிற்கிறது.

க்ரூகர் எப்படியும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் இதை ஜெர்மனில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

முதலில், மட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓட்டைத் திறந்து பச்சையாகவும் வேண்டாம், மிளகு போட்ட சூப்பாகவும் வேண்டாம். யார் கடையிலும் வேண்டாம். உங்கள் அண்ணன் அனியெல்லோ கடையிலும்தான். பீட்சா சாப்பிடலாம், திரிபுனாலித் தெருவில் நாம் கல்யாணத்துக்கு மறுநாள் போன கடையில். ஆனால் அடுப்பிலிருந்து எடுத்ததும் நேராக அவர்கள் தட்டுக்கு வர வேண்டும். மேலே தூவும் பச்சிலை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அதை எந்தத் தண்ணீரில் அலசினார்களோ. சந்தை முனையில் எண்ணெயில் பொரிக்கும் உருளைக்கிழங்கு உருண்டை நல்லது, சட்டியிலிருந்து எடுத்ததும் வாய் சுடச்சுடத் தின்ன வேண்டும். கொதிக்கக் கொதிக்க அவரை போட்ட பாஸ்தா எங்கே கிடைத்தாலும் சாப்பிடலாம். காப்பி குடிக்கலாம், கோப்பையைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் கடையாகப் பார்த்து. அத்திப்பழம் வேண்டாம். தண்ணீரில் மிதக்கும் எருமைப் பாலாடைக்கட்டி வேண்டாம். கடற்கரைக் கடையில் ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம், கடைக்கார அம்மாள் எவ்வளவு கெஞ்சினாலும். தண்ணீர் புட்டியில்தான், மூடியைக் கண் முன்னால் திறக்க வேண்டும்.

இந்த ஊரைப் பற்றி இப்படி எழுத வேண்டி வந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு அவர் வராமலே இருந்தாலும் எனக்கு நிம்மதிதான்.

பிள்ளை ரொசெத்தா நன்றாக இருக்கிறாள். அவெல்லீனோவில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், மலைக்காற்று நல்லது என்று. எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழுந்து நிற்கிறார்கள், பெஞ்சு ஆடுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
அசுந்தா


நேப்பிள்ஸ்,
4 செப்டம்பர் 1973

அன்புள்ள தோனாத்தோவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரொசெத்தா உயிரோடு இருக்கிறாள். ஆபத்து தாண்டிவிட்டது என்று இன்று காலை டாக்டரே சொன்னார்.

போன கடிதத்தில் பொய் எழுதினேன். அவள் அவெல்லீனோவுக்குப் போகவே இல்லை. நான் உட்கார்ந்து எழுதிய பெஞ்சு ஆஸ்பத்திரி பெஞ்சு.

உங்கள் கடிதம் வந்த மறுநாள், வியாழக்கிழமை, அவளையும் கூட்டிக்கொண்டு சாந்தா லூச்சியா கரைக்குப் போனேன். அனியெல்லோ சூப்பு முன்போலவே இருக்கிறதா, ருசி பார்த்துவிட்டு எழுது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள் அல்லவா. சூப்பு நன்றாகவே இருந்தது. பிள்ளை பெரியப்பா மடியில் ஏறிக்கொண்டாள். அவர் பச்சை மட்டியைத் திறந்து எலுமிச்சை பிழிந்து ஊட்டினார். ஒன்று தின்றாள், இன்னொன்று கேட்டாள். மூன்றாவதுக்கு அவர் என்னைப் பார்த்தார். கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன். நாலு தின்றாள். எனக்கு அன்று பச்சையாகத் தின்ன மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் தொடங்கியது. அரிசி கழுவிய தண்ணீர் போலப் போய்க்கொண்டே இருந்தது. மதியத்துக்குள் கண் குழிந்துவிட்டது. விரல் நுனியெல்லாம் நாள் முழுக்கத் துணி துவைத்தவள் விரல் மாதிரி சுருங்கிப்போயிற்று. காய்கறி வண்டிக்காரர் தம் மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலிலேயே பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். குடல் அழற்சி என்றார்கள். தெருவில் யாரிடமும் நான் சொல்லவில்லை. தாய் சுத்தமில்லாதவள் என்பார்கள் என்று வெட்கம். அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைக்கு மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குப் போனேன். வழியில் உங்கள் அண்ணன் கடை முன்னால் கூட்டம். மட்டியால்தான் நோய் என்று அன்றைக்குப் பத்திரிகையில் வந்திருந்தது. ஒருவன் கையில் கொக்கிக் கம்பி இருந்தது. உங்கள் அண்ணன் பெட்டி மேல் ஏறி நின்றார்.

"எங்கப்பன் காலத்துலேருந்து இதே கடல், மட்டி தொங்குற இதே கயிறு. இதுல சாவு வரும்னா மொதப் பொணம் நான்தான்டா." சொல்லிக்கொண்டே ஆறு மட்டியைத் திறந்து எல்லோர் கண் முன்னாலும் பச்சையாக விழுங்கினார்.

நம் எதிர் வீட்டு விஞ்சென்ஸா, காலுறை தைத்துப் பிழைக்கிற அந்த விதவை, கூட்டத்தில் நின்றுகொண்டு, "நீ கல்லைத் தின்னாலும் செரிக்கிற ஆளு. எங்க வயிறும் உன் வயிறும் ஒண்ணா?" என்றாள். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். கம்பி வைத்திருந்தவன் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். "இதோ என் தம்பி பொண்டாட்டியே வந்துட்டா. அசுந்தா, நீ சொல்லும்மா. வியாழக்கெழமை உன் மவ என் கையாலதானே நாலு தின்னா? புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். உண்மையைச் சொன்னால் அந்தக் கம்பி அவர் தலையில்தான் இறங்கும் என்று எனக்குத் தோன்றியது. "ஒண்ணும் ஆகலை, அத்தான். ஓடியாடிட்டு இருக்கா" என்று சொன்னேன்.

கூட்டம் தணிந்தது. உங்கள் அண்ணன் சந்தோஷத்தில் ஒரு தட்டு நிறைய மட்டியைத் திறந்து, "சும்மாவே தின்னுங்க" என்று நீட்டினார். நாவிதர் எர்மேதே இரண்டு எடுத்தார். விஞ்சென்ஸா மூன்று எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், தோனாத்தோ. வாய் திறக்கவில்லை. அன்று மதியம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காலரா என்ற வார்த்தையைச் சொன்னார்.

மறுநாள்தான் உங்களுக்கு அந்தக் கடிதம் எழுதினேன். மட்டி வேண்டாம் என்று முகம் தெரியாத ஒரு ஜெர்மன்காரருக்கு எழுதத் தெரிந்த எனக்கு, எதிர் வீட்டுக்காரி கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. அவள் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று தினமும் காலையில் பார்ப்பேன். புதன் திறந்திருந்தது. வியாழனும் திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை மூடியிருந்தது.

எர்மேதேயிடம் ஓடினேன். பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார். "உன் வார்த்தையை நம்பித்தானே, அக்கா, வாயில வச்சேன்" என்றார். அவர் உடம்புக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை. விஞ்சென்ஸாவை விடியற்காலையிலேயே கொண்டுபோய்விட்டார்களாம்.

அதே ஆஸ்பத்திரிதான். கன்னியாஸ்திரி ஒருவரைக் கெஞ்சி அவள் படுத்திருந்த அறைக் கதவு வரைக்கும் போனேன். கையில் ஊசி ஏறியிருந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அன்று நான் சொன்னது பொய், என் பிள்ளையும் இங்கேதான் கிடக்கிறாள் என்றேன். "அன்னிக்கே உன் மூஞ்சி சரியில்லடி. பாத்துட்டுத்தான் தின்னேன், ஓசியில கெடைச்சுதேன்னு" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்கிட்ட வந்து அழுவாத. அவன் இன்னும் அந்த மட்டிய நல்லதுன்னு நெனச்சு எடுத்து வச்சிருப்பான். அவங்கிட்டப் போய்ச் சொல்லு" என்றாள்.

சனிக்கிழமை சொன்னேன். விற்கத் தடை போட்டிருந்தும் அவர் கடலில் மட்டி வளர்க்கக் கட்டிய கயிறுகளை அவிழ்க்கவில்லை, நாலு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று வலை பின்னிக்கொண்டிருந்தார். "ரொசெத்தா அவெல்லீனோவுல இல்ல, அத்தான்" என்றேன். முதலில் விளையாடுகிறேன் என்று நினைத்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் படகை எடுத்துக்கொண்டு போய்த் தன் கயிறுகளைத் தானே ஒவ்வொன்றாக அறுத்துவிட்டார். கரையில் நின்று பையன்கள் கூவினார்கள். திரும்பி வந்து வீட்டுக்குள் போனவர்தான், மூன்று நாளாகக் கதவு திறக்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறார் என்று உங்கள் அண்ணி ஜன்னல் வழியாகச் சொல்லி அழுதாள். நான் தட்டினால் என் குரலுக்குப் பதில் இல்லை.

பிள்ளை நேற்று ரொட்டி கேட்டாள். வேகவைத்த அரிசிதான் கொடுத்தார்கள், முழுவதும் தின்றாள். கண்ணாடியில் விரலால் படம் போட்டுக் காட்டுகிறாள். பெரியப்பா ஏன் வரவில்லை என்று கேட்டாள். விஞ்சென்ஸாவுக்கும் நாடி திரும்பியிருக்கிறது, ஆனால் வயதானவள், இன்னும் ஒரு வாரம் போக வேண்டும் என்கிறார்கள். இன்று முதல் நானும் சோதனை முடியும்வரை ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும். இரவும் பகலும் என் வயிற்றையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சின்னதாக ஒரு வலி வந்தாலும் உயிர் போய்த் திரும்புகிறது.

க்ரூகர் வரவில்லை என்று உங்கள் தந்தி வந்தது. நேப்பிள்ஸ்காரன் என்று ஆலைச் சாப்பாட்டுக்கூடத்தில் உங்கள் மேஜையில் யாரும் உட்காருவதில்லை என்று நம்மூர்க்காரர் ஒருவர் மூலம் கேள்விப்பட்டேன். நீங்கள் எழுதவில்லை. நானும் எழுதவில்லையே. பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது கிளம்பி வர வேண்டாம், எல்லையில் நிறுத்துவார்கள், வேலையும் போய்விடும். ருசி பார்க்கச் சொன்னதை நினைத்து மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுத மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் உங்கள் அண்ணனுக்கு எழுதுங்கள். நான் போனால் அவர் திறக்க மாட்டார். உங்கள் கையெழுத்தைக் கதவடியில் தள்ளினால் எடுத்துப் பார்ப்பார். நீளமாக எழுத வேண்டாம், யார் செய்தது யார் சொன்னது எதுவும் வேண்டாம். 'அண்ணா' என்று தொடங்கி, 'சாப்பிடு' என்று முடியுங்கள்.

கடவுள் நம் எல்லோரையும் அந்தந்த இடத்திலேயே காப்பாற்றட்டும்.

உங்கள் வரியை எதிர்பார்த்திருக்கும்
அசுந்தா