முன்வரிசை நடுத்தூண்

தில்லை நகர், திருச்சி
ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள தம்பி இளவரசனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஜோதிக்குக் கால் வீக்கம் வடிந்ததா? ஏழாம் மாதத்தில் அது வரக்கூடியதுதான், ஆனாலும் டாக்டரிடம் சொல்லாமல் இருக்க வேண்டாம். அவளுக்கு உப்பைக் குறைக்கச் சொல். நான் அனுப்பும் ஊறுகாயை நீ சாப்பிடு.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதமா என்று நினைப்பாய். என்னோடு காலேஜில் படித்த தென்னூர் ரஷீதா நாளைக் காலை விமானத்தில் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் வருகிறாள். அவள் கையில் மணப்பாறை முறுக்கும் நார்த்தங்காயும் கொடுத்திருக்கிறேன். "முறுக்கு நொறுங்காமப் போய்ச் சேரும்டி, அதுக்கு நான் கேரண்டி. உன் தம்பி சிரிக்கிறதுக்கு மட்டும் கேரண்டி கிடையாது" என்று உன் உம்மென்ற முகத்தைக் கேலி செய்தாள். இந்தக் கடிதத்தையும் அவளிடமே கொடுக்கப் போகிறேன். போனில் சொன்னால் பாதி கேட்டதுமே நீ அத்தானை அழைத்துக் கத்துவாய். மீதிப் பாதிதான் முக்கியம். அதனால் முழுவதும் படித்த பிறகு போனை எடு.

கட்டடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். சென்னை ஆபீசில் இருந்தபோது நீ வரைந்து கையெழுத்துப் போட்ட முதல் அடுக்குமாடி நம் தெரு போய் முட்டுகிற இடத்திலேயே எழும்புவதும், நீ சொல்லி அத்தானுக்கு அங்கே சைட் இன்ஜினியர் வேலை கிடைத்ததும் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். வாரம் தவறாமல் பால்கனியிலிருந்து போட்டோ எடுத்து அனுப்பினேன். அஸ்திவாரத்திலிருந்து கம்பிகள் கூடு கூடாக மேலே வந்தது, சென்ட்ரிங் பலகை அடித்தது, காங்கிரீட் போட்ட மறுநாள் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியது எல்லாம் பார்த்தாய். இப்போது ஆறு தளம் ஏறிவிட்டது. நம் பால்கனியிலிருந்து தெரிந்த வானத்தில் பாதி போய்விட்டது.

முன்னால் தகரத் தடுப்பு மறைப்பதால் போட்டோவில் நீ பார்க்காத ஒன்று உண்டு. கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் முன்வரிசைத் தூண் ஐந்து என்று நீ வரைந்தாய். அங்கே நிற்பது நான்கு. நடுத்தூண் இல்லை.

சித்திரையில் முதலாளி வாஸ்து பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் நம் தெருவின் நடுவில் நின்று கையை நீட்டிப் பார்த்தார். தெருக்குத்து நேராக நடுத்தூணில் விழுகிறது, வீட்டுத் தலைவர்களுக்கு ஆகாது, அந்தத் தூணை எடுத்துவிட்டு அதே இடத்தில் பிள்ளையாரைத் தெருவைப் பார்த்து வைக்க வேண்டும் என்றார். தெருக்குத்துக்குப் பிள்ளையார் வைப்பது எல்லோரும் செய்வதுதான். தூணுக்கு முன்னால் வைத்தால் என்ன என்று அத்தான் கேட்டிருக்கிறார். பிள்ளையார் முதுகில் தூண் இடிக்கக் கூடாது என்று பதில் வந்ததாம். முதலாளி, "நட்டநடுத் தெருவுக்கு நேரா தூணை நிறுத்திட்டு நான் யாருக்குங்க வீடு விக்கிறது? வர்றவன் பூரா இதைத்தான் கேக்கிறான்" என்று சொல்லிவிட்டார்.

அத்தான் இரண்டு நாள் சண்டை போட்டார். வீட்டுக்கு வந்தும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அஸ்திவாரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு தூணின் கம்பிகளை மட்டும் மெஷின் வைத்து அறுத்தார்கள். தீப்பொறி பறந்ததை நான் பால்கனியில் நின்று பார்த்தேன். மேலே அதே இடத்தில் பீம் போட்டு, முதல் தளத்திலிருந்து தூண் வழக்கம்போல ஏறிவிட்டது. ஆறு தளத்துத் தூண் கீழே காலில்லாமல் அந்தப் பீமின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்கு அவரிடம் கேட்டேன். "மச்சான்கிட்டப் பேசியாச்சு. பீமை ஆழமாப் போட்டாப் போதும்னு கணக்குப் போட்டுச் சொல்லிட்டாரு. நீ பேசாம இரு" என்றார். நீயே சொன்ன பிறகு எனக்கென்ன என்று நானும் நிம்மதியாகிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தாயே, நினைவிருக்கிறதா? அத்தான் போனை வாங்கி மேல்தளங்களைக் காட்டிக்கொண்டே இருந்தார். முன்வரிசை ஐந்தும் நேராக வந்திருக்கிறதா என்று நீ கேட்டாய். "நூல் புடிச்ச மாதிரி நிக்குது மச்சான், அஞ்சும்" என்றார். நான் பக்கத்தில் காபியோடு நின்றுகொண்டிருந்தேன். கீழ்த்தளத்தைக் காட்டச் சொன்னதும் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டார். என்னை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. காபியை வாங்கிக்கொண்டு, சர்க்கரை கம்மி என்றார். சர்க்கரை சரியாகத்தான் போட்டிருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவள். பாரம் என்றால் அது எங்காவது போய்ச் சேர வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறேன். கட்டடக் கணக்கு எனக்குத் தெரியாது. அந்தப் பீம் தாங்கினாலும் தாங்கலாம். ஆனால் உன் அத்தானை எனக்குத் தெரியும். மற்ற இடங்களில் எல்லாம் காங்கிரீட் இறுகியதும் அடியில் தாங்கக் கொடுத்திருந்த இரும்பு முட்டுகளை எடுத்துவிட்டார்கள். அந்தப் பீமுக்குக் கீழே மட்டும் இன்னும் எடுக்கவில்லை. காலையில் ஆட்கள் வருவதற்கு முன்பே போய் ஒவ்வொரு முட்டாகக் கையால் தொட்டுப் பார்க்கிறார். தண்ணீர் பிடிக்க வரும் சித்தாள் வெள்ளையம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எக்கா, உங்க வீட்டுக்காரரு அந்தப் பீமுக்குக் கீழ நின்னு எங்களை டீ குடிக்கக்கூட விடமாட்டேங்கிறாரு. பிள்ளையாரு வந்தா அவரையும் அந்தாண்ட போய் உக்காருன்னுதான் வெரட்டுவாரு போல." நானும் சிரித்துவைத்தேன்.

நேற்று ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாயகி என்று ஒரு அம்மாள் கணவரோடு வீடு பார்க்க வந்திருந்தார். ஐந்தாம் தளத்தில் முன்பக்க வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார்களாம். தண்ணீர் கேட்டு நம் வீட்டுக்கு வந்தவர், "தெருக்குத்துன்னு மனசுக்கு ஒரு மாதிரியா இருந்தது. தும்பிக்கையாழ்வார் எழுந்தருளப் போறார்னா, இனிமே என்ன பயம்? சமையலறை ஜன்னல்லேர்ந்தே ராஜகோபுரத்தைச் சேவிக்கலாமாம்" என்றார். நீங்கள் கொடுத்துவைத்தவர், வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகு வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அத்தானைக் கெட்டவராக நினைத்துவிடாதே. போன வேலையில் மட்டமான சிமெண்டை ஏற்க மாட்டேன் என்று சொல்லி வெளியே வந்தவர் அவர்தான். அதற்குப் பிறகு வீட்டில் இருந்த மாதங்களில் யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவார். துணி மடிப்பார், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பார். நியாயம் பேசினால் என்ன கிடைக்கும் என்று அவருக்கு ஒருமுறை காட்டிவிட்டார்கள். இன்னொரு முறை பேச அவரிடம் தெம்பு இல்லை. உன்னிடம் சொல்லவும் முகமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற விநாயகர் சதுர்த்தியன்று பிள்ளையார் பிரதிஷ்டை. முட்டுகள் நிற்கும் இடத்தில்தான் பீடம் வருகிறது. அதனால் முந்தின நாள் முட்டுகளைப் பிரித்தாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். இன்று காலை இட்லி சாப்பிடும்போது அதைச் சொன்னவர், எழுந்து கை கழுவிக்கொண்டே, "ஆளுங்களை எல்லாம் வெளியே அனுப்பிட்டு, நானே நின்னு எடுத்துருவேன். அரை மணி நேர வேலை" என்றார். சாதாரணமாகச் சொன்னார். பிறகு பேங்க் பாஸ்புக்கும் இன்சூரன்ஸ் பேப்பரும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று எனக்குக் காட்டினார்.

தம்பி, இன்னும் முட்டுகள் இருக்கின்றன. அவை இருக்கும்போதே கீழிருந்து ஒரு தூணை எழுப்ப வழி இருக்குமா? வெட்டிய கம்பிக்குப் பதில் வேறு கம்பி இறக்க முடியுமா? அது உனக்குத்தான் தெரியும். வரைபடத்தில் இருப்பது உன் கையெழுத்து, நீ சொன்னால் முதலாளி கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்காவிட்டால் கார்ப்பரேஷனுக்கு எழுது. அத்தான் வேலை போகும். போகட்டும். வீட்டில் துணி மடித்துக்கொண்டு இருக்கட்டும்.

யார் சொன்னது என்று அவர் கேட்பார். என் பெயரைச் சொல்லாதே என்று முதலில் எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அக்கா சொன்னாள் என்றே சொல். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசாமல் இருக்கலாம். பேசாவிட்டாலும் வீட்டுக்குத்தானே வருவார்.

எடுத்தவுடன் தூணைப் பற்றிக் கேட்காதே. சாப்பிட்டீங்களா அத்தான் என்று கேள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திரு. அவருக்கு உன்மேல் பிரியம் அதிகம், நீ கோபமில்லாமல் கேட்டால் பொய் சொல்ல மாட்டார். சதுர்த்திக்கு முந்தின நாள் காலைக்குள் கேட்டுவிடப்பா.

உனக்கும் ஜோதிக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் நீண்ட ஆயுளைக் கொடுக்கும்படி கடவுளை வேண்டுகிறேன். உன் அத்தானுக்கும் சேர்த்துத்தான் வேண்டுகிறேன்.

உன்னை நம்பியிருக்கும் அக்கா,
மலர்க்கொடி