ரூபியை எவ்வளவு அதட்டுவது

1992 ஒக்டோபர் 3, சனி

இரவு முழுக்க மழை, விடியத்தான் விட்டது. எங்கள் வீட்டுப் பக்கத்துப் பொதுப் புல்வெளி, மிச்சம் கொமன், எங்கும் சேறு. என் சப்பாத்து ஒன்று அதற்குள்ளேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வந்தது.

புது நாட்குறிப்புக் கொப்பி. அதனால் முதலிலிருந்து. ரூபி, கறுப்பு லாப்ரடோர், ஒன்றே கால் வயது. என் கணவர் அன்ரன் வேலை செய்யும் கராஜின் முதலாளி டெரெக்கின் குட்டி. குளிர்காலச் சனிக்கிழமைகளில் டெரெக் கென்ட் பக்கம் வேட்டைக்குப் போவார். சுடுவது வேறு ஆட்கள். விழுந்த பறவைகளை அவருடைய நாய்கள் தேடி எடுத்துவரும். இவளைப் பயந்தாங்கொள்ளி என்று ஒதுக்கி, எங்களிடம் விட்டிருக்கிறார். பழக்கிக் காட்டினால் இவளுக்கும் வேலை, நாங்களே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் குரொய்டனில் இருக்கும் தன் தங்கைக்குக் கொடுத்துவிடுவாராம், சோபாவில் படுக்க.

அன்ரனுக்கு ஷிப்ட். ஆகவே பழக்குவது நான். காலையில் பாடசாலைச் சமையலறை வேலைக்குப் போகுமுன் நேரம் இருக்கிறது.

டம்மியை எறிந்தால் (பச்சைத் துணியில் பஞ்சு அடைத்த பை, பறவைக்குப் பதில்) மெதுவாகக் கவ்விக் கையிலேயே தருகிறாள். வாய் வெண்ணெய், பல் படுவதேயில்லை. ஒரே குறை, போ என்று சொல்லுமுன் ஓடுகிறாள். துப்பாக்கிகளுக்கு நடுவே அப்படி ஓடினால் கதை முடிந்தது.

ஒக்டோபர் 4, ஞாயிறு

வெயில். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. வாசலில் எனக்குப் பின்னால் ஒரு குரல்: "ஜெசிந்தா அக்கா வீட்டில நாய் மெத்தையில படுக்குதாம்." மெத்தையில் இல்லை, எங்கள் சமையலறையில். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் கொமனுக்கு அன்ரனும் வந்தார். ரூபியைக் கட்டிய நீளக் கயிறு அவர் கையில். நான் எறிந்தேன், ரூபி பாய்ந்தாள். அவர் முழுப் பலத்தோடு இழுத்தார். குட்டி கரணமடித்து விழுந்தாள். அவள் தலைக்கு மேலே போய் நின்று கத்தினார், தமிழிலும் இங்கிலிஷிலும். அடுத்த தரம் நான் டம்மியைக் கையில் எடுத்தவுடன் வயிறு நிலத்தில் பட ஊர்ந்து என் காலுக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

"டெரெக்தான் சொன்னவர். ஒருக்கா நல்லா இழுத்தா மறக்காதாம்."

"மறக்காதுதான். எதை மறக்காதெண்டு பாருங்கோ. ஓடினதையோ, இந்தப் பையையோ?"

வீடு வரை ரூபி எனக்கு வலப்பக்கம், அவர் இடப்பக்கம்.

ஒக்டோபர் 6, செவ்வாய்

தூறல். டம்மியைக் காட்டினால் முகத்தைத் திருப்புகிறாள். உதட்டை நக்குகிறாள். காது பின்னால். வற்புறுத்தவில்லை. வீட்டு நடையில் பந்து போல உருட்டிவிட்டு நான் பாட்டுக்கு வெங்காயம் உரித்தேன்.

கடை: பருப்பு, ரின்னில் அடைத்த தேங்காய்ப்பால், ஈரல். இறைச்சி வெட்டும் தம்பி: "அக்கா, ஈரல் உங்களுக்கோ, நாய்க்கோ?"

"நாய்க்கு."

"அப்ப நல்லதாப் பாத்துத் தாறன்."

எங்களுக்கு இத்தனை நாள் எதைத் தந்தானோ.

ஒக்டோபர் 9, வெள்ளி

எடுத்துவிட்டாள். நான் கூப்பிடவே இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, முழங்காலில் ஏதோ முட்டியது. பார்த்தால் வாயில் டம்மி, வால் அலுமாரிக் கதவில் படபடவென்று அடிக்கிறது. சோப்புக் கையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அன்ரன் வந்ததும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அண்டைக்கு நான் கொஞ்சம் கூடிப்போனன் என்ன," என்றார்.

"ஓம்."

பிறகு தன் மீன் துண்டில் பாதியை அவளுக்குப் போட்டார்.

ஒக்டோபர் 17, சனி

குளிர், காற்று.

அந்த ஞாயிறுக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்துவந்தேன். செல்லம். பலன்: இன்று கொமன் குளத்தில் தாரா வாத்துகளைக் கண்டாள், ஓடினாள். குந்தி இருக்கச் சொல்லும் விசிலை ஊதினேன். நின்றாள். திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். பிறகு போனாள்.

அந்தப் பார்வை. விளங்காத நாய் அப்படிப் பார்க்காது. கேட்டது, விளங்கியது, வேண்டாம் என்று முடிவெடுத்தது. விசில் அவளுக்கு நன்றாகத் தெரியும், சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலேயே எத்தனை தரம் இருந்து காட்டியிருக்கிறாள்.

கத்தவில்லை. போய்க் கரையில் நின்றேன். தாராக்கள் பறந்தபின் வெளியே வந்தாள். ஒரு சொல்லும் இல்லாமல் கழுத்துப்பட்டியைப் பிடித்து, விசில் கேட்ட அதே இடத்துக்கு நடத்திக் கொண்டுபோனேன். கழுத்துத் தோலை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து, முகத்துக்கு நேரே, தாழ்ந்த குரலில், "இல்லை." விசில். இருந்தாள். உடனே கையை எடுத்துப் பின்னால் நகர்ந்தேன். அவ்வளவுதான். கோபமும் அங்கேயே முடிந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

பயம் எனக்குத்தான். மறுபடி ஊர்வாளோ? டம்மியை எறிந்தேன். பாயப் பார்த்தாள், விசில் ஊதினேன், நிலத்தோடு ஒட்டி இருந்தாள். உடம்பெல்லாம் நடுக்கம், ஆனால் வால் புல்லைக் கூட்டுகிறது. கண் டம்மியில். "போ" என்றேன். அம்பு.

அன்ரன் இழுத்ததும் அழுத்தம்தான், நான் பிடித்ததும் அழுத்தம்தான். ஆனால் இன்று எதற்கென்று அவளுக்குத் தெரியும். அன்று தெரியாது. தெரியாததற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், தெரிந்தும் செய்யாததற்குத்தான் பிடி. பேருந்தில் வேலைக்குப் போகும்போது இதையே திரும்பத் திரும்ப யோசித்து இறங்குமிடத்தை விட்டுவிட்டேன். சனிக்கிழமை வேலை இல்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நவம்பர் 7, சனி

மூடுபனி. டெரெக் கொமனுக்கு வந்தார், பார்க்க. அவர் டம்மியை ரூபியின் தலைக்கு மேலாக எறிகிறார், மூக்குக்கு முன்னால் போடுகிறார், ஓட வைக்கத்தான். அசையவில்லை. என்னை ஒரு பார்வை, டம்மியை ஒரு பார்வை.

டெரெக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அடுத்த சனி வேட்டைக்கு வரச் சொன்னார். அன்ரன் வீடு வரும்வரை விசிலடித்துக்கொண்டு வந்தார். ரூபி பாவம், ஒவ்வொரு தரமும் இருந்து இருந்து எழும்பினாள்.

நவம்பர் 14, சனி

கென்ட். கடும் உறைபனி, புல் காலடியில் நொறுங்குகிறது. கம்பளித் தொப்பிக்கு மேல் அன்ரனின் மஃப்ளர். கூட்டத்தில் கறுப்பு முகம் நாங்கள் இருவர்தான். கறுப்பு நாய்கள் நிறைய.

காலை முழுக்கச் சும்மா இருத்தல். வெடிச் சத்தம், பறவைகள் விழுகின்றன, ரூபி நடுங்குகிறாள், இருக்கிறாள். மதியத்துக்குப் பிறகு ஒரு சேவல் பெசன்ட், நீண்ட வால் காட்டுக்கோழி. செட்டை மட்டும் முறிந்து, ஓடைக்கு அப்பால் விழுந்து ஓடிவிட்டது. டெரெக்கின் இரண்டு நாய்கள் போய் வெறும் வாயோடு வந்தன. அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"போ."

ஓடைக்குள் பாய்ந்து அக்கரை ஏறினாள். பறவை விழுந்த இடத்தில் மூக்கை வைத்து மணந்தாள். பிறகு இடப்பக்கம் திரும்பி ஓடினாள். அந்த இரண்டு நாயும் தேடியது வலப்பக்கம்.

"பிழையான பக்கம். விசிலை ஊது, திருப்பு," என்றார் டெரெக்.

விசில் பல்லுக்கிடையில். ஊதினால் நிற்பாள், எனக்குத் தெரியும். அதற்குத்தானே இவ்வளவு பாடு. ஆனால் மூக்கு நிலத்தில், வால் சுழலுகிறது. அவளுக்கு ஏதோ தெரிகிறது. எனக்குத்தான் ஒன்றும் தெரியாது.

"ஊதாதையும்," என்றார் அன்ரன், மெல்ல.

விசிலை வாயிலிருந்து எடுத்தேன். ரூபி முட்புதருக்குள் மறைந்தாள். ஒரு சத்தமும் இல்லை. யாரோ சிரித்தார்கள். டெரெக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கை மஃப்ளரை முறுக்கிக்கொண்டே இருந்தது.

பிறகு தலையைத் தூக்கியபடி வந்தாள். வாய் நிறையச் செம்பொன் இறகு, நீண்ட வால் ஒரு பக்கம் தொங்குகிறது. ஓடையை நீந்திக் கடந்து, எனக்கு முன்னால் இருந்து, நீட்டினாள். பறவையின் கண் திறந்திருந்தது. உயிர்.

டெரெக் அதை வாங்கி ஒரே திருகலில் கழுத்தை முறித்தார். நான் மறுபக்கம் பார்த்தேன். புதருக்குள் கிடந்து மெல்ல மெல்லச் சாவதைவிட இது மேல். இறகை ஊதி விலக்கி, விலாவைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு விலா எலும்பும் நொறுங்கவில்லை என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"என்ன, அழுறீரோ?" அன்ரன்.

"குளிர்."

நவம்பர் 15, ஞாயிறு

மழை. பூசைக்குப் போகவில்லை. உடம்பெல்லாம் நோவு, மூவரும் மத்தியானம் வரை படுக்கை. (ஓம், மெத்தையில்.)

தொலைபேசி. அன்ரன் எடுத்தார். "யெஸ், டெரெக். யெஸ், யெஸ்." பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"என்னை இல்லையாம். உம்மைத்தான் கேக்கிறார். அவரின்ர மற்ற நாயளையும் ஒருக்கா வந்து பாத்துப் பழக்குவீரோ எண்டு."