மேட்டு வண்டி வரும்வரை மூன்றாம் சங்கு ஊதற்க

திரு பெருகுக. மஞ்ஞையாற்றில் நீர் குறையாதிருக்க. இதை வாசிக்கும் கண்களில் ஒளி குறையாதிருக்க.

மேட்டு ஏழூருக்கும் சமவெளி எழுபது ஊருக்கும் ஒரு குடை பிடித்த வாகை நாட்டு வேந்தர் எழினிவர்மப் பெருமானடிகளின் திருவாணையைத் தலைமேல் தாங்கி, அப்பெருமானின் வழிகளையும் வண்டிகளையும் காத்து, அண்மையில் ஏறத் தொடங்கிய வண்டியிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கும் பெருவழி நாயகம் நக்கன் கொற்றன் வரைவிக்கும் ஓலை.

மஞ்ஞையாற்றின் இருகரைத் துறைகளுக்கும் தலைவரும், பன்னிரண்டு ஓடங்களுக்கு உடையவரும், மூன்று தலைமுறையாக நீரிலேயே நின்றும் நெஞ்சு மட்டும் நனையாதவருமான துறைநாயகம் சேந்தன் காரியார் காண்க. உம் துறை நலமா? உம் ஓடங்கள் நலமா? உம் மீசை நலமா என்று கேட்பது முன்னொரு நாள் எவ்வளவு கேட்டை விளைத்தது என்பதை நாடறியும். ஆகவே அக்கேள்வி இவ்விடத்தில் விடப்பட்டது.

உம் ஓலை வந்தது. கொணர்ந்தவன் அதைக் கொற்றனின் கையில் கொடாமல் வாயிற்படியில் எறிந்துவிட்டுப் போனான். அதுவும் உம் கட்டளை என்றே கொள்ளப்பட்டது. மேட்டு வண்டிகளுக்காக உம் ஓடங்கள் இமைப்பொழுதும் நில்லா என்றும், ஆறு எவருக்காகவும் காத்திருப்பதில்லை என்றும், வண்டிக்காரருக்கு அவ்வளவு அவசரமெனில் மாடுகளுக்கு நீச்சல் பழக்கட்டும் என்றும் எழுதியிருந்தீர். கடைசி வரியைக் கொற்றன் இருமுறை வாசித்தான். நல்ல வரி. தனக்குத் தோன்றாமற் போயிற்றே என்று சற்றே பொறாமையும் கொண்டான். ஆயினும் காரியாரே, ஆற்றைக் காத்திருக்கச் சொன்னவர் எவருமில்லை. ஆறு போகட்டும். நிற்கச் சொன்னது ஓடத்தை. ஓடத்துக்குக் கயிறு உண்டு. கயிற்றுக்கு உம் கை உண்டு.

நடந்ததை நீர் அறிவீர். எனினும் இவ்வோலையின் படியொன்று வேந்தர் திருமுன்பு வாசிக்கப்படும் ஆதலால், எல்லாம் முதலிலிருந்தே சொல்லப்படுகிறது.

மேட்டு ஏழூரில் மருத்துவர் இல்லை, சந்தை இல்லை, வழக்குரைக்க மன்றமும் இல்லை. யாவும் அக்கரைக் கோட்டைநல்லூரில் இருக்கின்றன. ஆகவே ஈராண்டுக்கு முன் பெருமானடிகள் ஆணையிட்டார்: மேட்டில் பயண அடையாளமாக ஒரு மரவில்லை பெற்றவர் அந்த ஒன்றைக் காட்டியே மலையிறங்கும் வண்டியிலும், ஆற்றைக் கடக்கும் ஓடத்திலும், அக்கரையிலிருந்து நகர் செல்லும் வண்டியிலும் ஏறலாம், ஒன்று வந்து சேரும்வரை அடுத்தது நிற்கவேண்டும். வண்டிகள் கொற்றனின் பொறுப்பு. ஓடங்கள் உம் பொறுப்பு.

ஆணை நடக்கிறதா என்று பார்த்துவரக் கொற்றன் அனுப்பப்பட்டான். பல்லக்கில் போனான். வண்டி ஓடும் விதத்தைப் பல்லக்கில் இருந்து பார்த்த அறிவாளி இந்நாட்டில் இவன் ஒருவனே. அவனது வெண்குடை மலைச்சரிவில் தெரிந்ததும் உம் ஆட்கள் ஓடத்தை இழுத்துப் பிடித்து நிறுத்தினர். பின்னால் வண்டியில் வந்த மக்களும் அந்தக் குடையின் புண்ணியத்தில் ஏறிக்கொண்டனர். கொற்றன் அரண்மனை திரும்பி, வண்டியும் ஓடமும் அண்ணன் தம்பியாக நடந்துகொள்கின்றன என்று விண்ணப்பித்தான். வேந்தர் மகிழ்ந்து ஒரு பட்டாடை அளித்தார். அது பெட்டியிலேயே கிடக்கிறது. இப்போது அதை எடுத்துப் பார்க்கவும் கூசுகிறது.

இம்மாசி வளர்பிறைப் பஞ்சமியன்று மேட்டுக் குறும்பாறை ஊரில் அவனது பல்லக்குச் சுமப்போர் அறுவரும், முந்தைய நாள் விருந்தில் அளவறியாது உண்டமையால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு புதராக ஒதுங்கினர். அப்படித்தான் பெருவழி நாயகம் தன் வாழ்நாளில் முதன்முறையாகத் தன் வண்டியில் தானே ஏறினான்.

ஏறினான், ஆனால் வண்டி நகரவில்லை. மேட்டு வண்டிக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு: நுகத்தடியில் பனி காயும்வரை மாடு பூட்டமாட்டார்கள்; ஈர நுகம் மாட்டின் கழுத்தைப் புண்ணாக்கும் என்பார்கள். வண்டிக்காரன் மூக்கன் நுகத்தின் அருகில் குந்தி அதைப் பார்த்தபடியே இருந்தான். பயணிகள் ஒன்பதின்மர் மூக்கனைப் பார்த்தபடி இருந்தனர். துணியால் துடைத்தால் என்ன என்று கொற்றன் வினவினான். மூக்கன் நெடுநேரம் யோசித்தான்.

“பனி காயணும்னுதான் எங்க அப்பன் சொன்னாரு. தொடைக்கக் கூடாதுன்னு சொல்லலையே! இத்தனை வருசம் இது நமக்குத் தோணலையே சாமி” என்றான்.

இங்கே அவர்கள் உரைத்த மொழி மாறாமல் வரையப்படுகிறது. மெருகிட்ட சொற்களை அரண்மனைக்கு அனுப்பியதால் வந்த கேடு போதும்.

பிந்தியது பிந்தியதுதான். வண்டி புறப்பட்டபோது கொற்றனின் அருகில் எயினி என்பாள் இருந்தாள். நாற்பது ஆடுகளை மேய்ப்பவள். இடக்கண் போய்விட்டது, வலக்கண்ணில் பால்போல் படலம். குரலைக் கேட்டே ஆளை அறிந்துகொண்டாள்.

“யாரு, பல்லக்கு ஐயாவா? குடை இல்லாம வந்துட்டீங்களே. அப்ப இன்னிக்கும் ஓடம் போயிரும்.”

அவ்வாறு நேராது என்றும், வேந்தரின் ஆணை உளது என்றும் கொற்றன் கம்பீரமாக விளம்பினான்.

“ஆணை இருக்குங்க. ஓடந்தான் இருக்காது” என்றாள். வண்டி முழுதும் சிரித்தது. மாடுகளும் சிரித்தன என்று கொற்றனுக்கு இன்றும் ஓர் ஐயம் உண்டு.

உம் துறையின் முறை யாவரும் அறிந்ததே. முதற்சங்கு கால்நடை ஏற, இரண்டாம் சங்கு மக்கள் ஏற, மூன்றாம் சங்கு ஓடம் தள்ள. கம்பத்தின் நிழல் குறிக்கல்லைத் தொட்டதும் மூன்றாம் சங்கு. வண்டி மேட்டுப்புளி வளைவைத் தாண்டுகையில் அந்தச் சங்கொலி கேட்டது. வளைவிலிருந்து துறை தெரியும். துறையிலிருந்து வண்டிப் புழுதியும் தெரியும். மூக்கன் மாடுகளை விரட்டினான். கரையை அடைந்தபோது ஓடம் ஒரு கல்லெறி தூரத்தில் இருந்தது. கொற்றன் முழங்கால் நீரில் இறங்கி, தன் பட்டங்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் கூவினான்.

“நாயகமா? பல்லக்கு எங்கய்யா? குடை எங்க? போய் நாளைக்கு வா!” என்று உம் துடுப்புக்காரன் பதில் கூவினான். அவன்மேல் குற்றமில்லை. முகப்பில் நீரே வீற்றிருந்தீர், காரியாரே. திரும்பிப் பார்த்தீர். மீசையைத் தடவிக்கொண்டீர். பிறகு அக்கரையை நோக்கித் திரும்பிக்கொண்டீர். நாற்பதின்மர் கொள்ளும் ஓடத்தில் ஆறு பேரும், இரண்டு ஆடுகளும், ஒரு வாழைத்தாரும் இருந்தன.

எயினி மணலில் அமர்ந்து, வில்லையைக் கையில் உருட்டியபடி, ஓடத்தில் எத்தனை பேர் என்று கேட்டாள். கொற்றனுக்கு உண்மை சொல்ல மனம் வரவில்லை. ஓடம் நிறைந்துவிட்டது, ஒருவருக்கும் இடமில்லை என்றான்.

“பொய். நிறைஞ்ச ஓடத்துத் துடுப்புச் சத்தம் வேற. இது காலி ஓடம்.”

பிறகு தன் நிலையைச் சொன்னாள். கோட்டைநல்லூர்க் கண் மருத்துவர் ஆதனார் எட்டு நாளுக்கு ஒருமுறையாக ஆறு முறை அவள் கண்ணில் மருந்திட வேண்டும். இடையில் ஒன்று தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருமுறை தொடங்கி இருமுறையும் ஓடம் தவறியது. இது மூன்றாவது.

“எது வெள்ளாடு எது செம்மறின்னு இன்னும் தெரியுது. என் ஆடு எது, பக்கத்துப் பட்டி ஆடு எதுன்னு தெரியல. இன்னும் ஒரு தடவை விட்டுப்போச்சுன்னா, ஆடா பாறையான்னு தொட்டுத்தான் பார்க்கணும். இந்தக் காரியாரு ஏன் நிக்க மாட்டேங்கறாரு தெரியுமா ஐயா? எவனோ ஒருத்தன் அரண்மனையில அவரு மீசையைக் கிண்டல் பண்ணிட்டானாம். அன்னியிலருந்து மேட்டு வண்டின்னாலே ஆவறதில்ல. அந்த நாக்கு மட்டும் என் கையில கெடச்சுது, அறுத்துப் பாறையில காயப் போட்டுருவேன்.”

ஆம், காரியாரே. சென்ற ஆண்டு இளவேனில் அவையில், மஞ்ஞையாற்றில் இருகரையையும் தவறாமல் தொடுவது காரியாரின் மீசை ஒன்றே என்று சொன்னவன் கொற்றன். வேந்தர் சிரித்தார். அவை சிரித்தது. நீர் எழுந்து போனீர். அன்று இரண்டு வெற்றிலை கூடுதலாகப் போட்டுக்கொண்டு மகிழ்ச்சியாக வீடு திரும்பியவன், அந்தச் சிரிப்பின் மிச்சம் ஓர் ஆடு மேய்ப்பவளின் கண்ணில் போய்ப் படிந்திருப்பதை மணலில் அமர்ந்த அன்றுதான் கண்டான்.

அந்த நாக்கு தன் வாயில்தான் இருக்கிறது என்று அவளிடம் ஒப்புக்கொண்டான். அவள் மடியிலிருந்த கேழ்வரகு உருண்டையைப் பிட்டுப் பாதியை நீட்டினாள்.

“சரி, தின்னுங்க. அறுத்துட்டா எப்படிச் சரி பண்ணுவீங்க? அந்த வாயாலயே சரி பண்ணுங்க.”

மேட்டுக் கரையிலிருந்து நாளுக்கு ஒருமுறையே ஓடம் கடப்பதாலும், உம் துறையில் பிறர் ஓடம் விடலாகாது என்ற பழைய பட்டயம் உம்மிடம் இருப்பதாலும், அன்று வேறு வழியில்லை. வண்டி மேட்டுக்கே திரும்பியது. மறுநாள் கொற்றன் தனியே ஆறு கடந்து ஆதனாரின் காலில் விழுந்தான். இன்னொரு முறை தொடங்கலாம், அதுவும் தவறினால் படலம் கல்லாகிவிடும், பிறகு தன்னிடம் வரவே வேண்டாம் என்றார் மருத்துவர்.

ஆகவே முதற்கண் இது. அன்று அவையில் சொன்ன சொல் இழிசொல். உம் பாட்டனாரும் தந்தையாரும் துடுப்பிட்ட ஆற்றில் மேட்டு மக்களின் உப்பும் உயிரும் கரைசேர்ந்தன. அதைச் சிரிப்புக்கு விற்றவன் கொற்றன். வேந்தரின் திருமுன்பும் இவ்வாறே படிக்கப்படும். எந்த அவை சிரித்ததோ அந்த அவை கேட்கும். இதனால் அவன் உம்மை விரும்பத் தொடங்கிவிட்டான் என்று எண்ணற்க. அவனுக்கு உம்மைப் பிடிக்காது. உமக்கும் அவனைப் பிடிக்காது. அது நீடூழி நிலைபெறுக. ஆனால் அப்பகையை வண்டியில் ஏற்றலாகாது, ஓடத்திலும் ஏற்றலாகாது. அதற்கு வில்லை வழங்கப்படவில்லை.

இனி ஆணை. மேட்டு வண்டிகள் இன்றுமுதல் நுகத்தைத் துடைத்துப் பூட்டப்படும். வண்டி மேட்டுப்புளி வளைவைத் தாண்டுகையில் முரசு ஒன்று அறையப்படும். அம்முரசு கேட்டு, அவ்வண்டியின் மக்கள் ஏறி அமர்ந்த பின்னரே, நிழல் எக்கல்லைத் தொட்டிருந்தாலும், மூன்றாம் சங்கு ஊதப்படும். அக்கரை வண்டிக்கும் இதுவே முறை. கொற்றனின் பல்லக்கும் உம் பல்லக்கும் அரண்மனைக் கொட்டிலில் பூட்டப்பட்டன. இருவரும் எங்கு செல்வதாயினும் இனி வில்லை வாங்குக. உம் பல்லக்கைக் காணாமல் உம் ஆட்கள் தேடிக்கொண்டிருப்பார்கள், தேடற்க.

இவ்வோலையைத் தூதன் எவனும் கொணரவில்லை. எயினி கொணர்கிறாள். ஆதனார் குறித்த முதல் நாளில், மேட்டு வண்டியில் மற்றவரோடு நெருங்கி அமர்ந்து, மடியில் இதை வைத்துக்கொண்டு வருவாள். ஓடத்தில் ஏறி அமர்ந்த பின்னரே உம் கையில் கொடுப்பாள். உமக்கு முன்னறிவிப்பு ஏதும் அனுப்பப்படவில்லை. ஈராண்டுக்கு முன் வந்த திருவாணையே முன்னறிவிப்பு. எவ்வளவு துடைத்துப் பூட்டினும் மாசிப்பனியில் வண்டி அரை நாழிகை பிந்தும். அந்த அரை நாழிகை உம்முடையது.

ஒரு கண்ணைப் பணயமாக வைத்து உம் குணத்தைச் சோதிக்கும் அளவுக்குக் கொற்றன் கொடியவன் அல்லன். கீழ்ப்பக்க நாணலுக்குள் மீனவர் ஓடம் ஒன்று வேந்தரின் இலச்சினையோடு மறைந்து நிற்கிறது. நீர் போய்விட்டால், உம் பழைய பட்டயம் அந்த நொடியே கிழிபட்டு, அவ்வோடம் நாணலை விட்டு வெளிவரும். எயினி எவ்வாறாயினும் இன்று அக்கரை சேர்வாள். நீர் சேர்வீரா என்பது ஒன்றே தீர்மானமாகாமல் இருந்தது.

இவ்வரியை நீர் வாசிக்கிறீர். ஆகவே ஓடம் நின்றது. கொற்றன் இதை எழுதுவிக்கும்போது நம்பவில்லை, நம்பாமலே எழுதுவித்தான், தவறியவன் அவனே ஆயின், அதற்கும் ஒரு மன்னிப்பு இதில் சேர்த்துக்கொள்ளப்படுக.

எயினியின் அருகில், வில்லையை இறுகப் பிடித்தபடி முகம் வெளுத்து அமர்ந்திருப்பவன் அவன்தான். அவனுக்கு நீந்தத் தெரியாது. இச்செய்தியைப் பகைவராகிய உம் கையில் எழுதிக் கொடுப்பவன் உலகில் வேறெவனும் இரான்.

வாகை நாட்டு வேந்தர் இலச்சினை பொறித்தது. பெருவழி நாயகம் நக்கன் கொற்றன் கைச்சாத்து. இதில் கண்டபடி செய்க.

எயினிக்கு ஓரத்தில் இடம் கொடாமல் நடுவில் இடம் கொடுக்க. வாசித்து முடித்தீர் ஆதலின், மூன்றாம் சங்கு ஊதுக.