துடிப்பு வரம்பு 105

நாள் 131, காலை 07:20

நிலவின் தென்முனை, பனித்துளை நிலையம். எழுதுவது ரூபஸ், இயந்திரப் பராமரிப்பு, வயது 27. காற்றழுத்தம் சரி. தண்ணீர் வடிகட்டிகள் இரண்டை மாற்றினேன். துளைக்கருவியின் தண்டு வளைந்திருந்தது, நிமிர்த்தினேன். நிலையத்தில் இருப்பவர்கள் இரண்டு பேர். இன்று வேலை செய்தவர் ஒருவர்.

மற்றவர் பூங்கோதை அக்கா. பாறை ஆய்வாளர், ஊர் கோபி. 60ஆம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, களைப்பு போகவில்லை. ரத்தம், நுரையீரல், இதயம் எல்லாவற்றையும் சோதித்தாயிற்று, எதிலும் கோளாறு இல்லை. பூமியிலிருந்து டாக்டர் வைத்த பெயர் நாள்பட்ட களைப்பு நோய். அந்தக் காலத்தில் நரம்புத் தளர்ச்சி என்பார்களாம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு சுவரில் அந்த வார்த்தைக்குக் கீழே லாட்ஜ் அறை எண் எழுதியிருக்கும். திரும்பிப் போக விண்கலம் வருவது 210ஆம் நாள். அதுவரை அவர் படுத்திருப்பார், நான் இரண்டு பேர் வேலையைப் பார்ப்பேன்.

நாள் 133, காலை 09:05

பூமியிலிருந்து டாக்டர்: "பூங்கோதை, கண்ணு, தூங்குனியா? அவசரமே இல்ல, மெதுவாப் பேசு." பதினோரு நிமிடம்.

வெந்நீர்க் குழாயில் கையைச் சுட்டுக்கொண்டதை நான் சொன்னேன். "களிம்பு இருக்குல்ல, போட்டுக்கப்பா." நான்கு நொடி. அளந்தேன்.

அக்கா மணிக்கட்டில் ஒரு பட்டை. இதயம் நிமிடத்துக்கு 105 துடிப்பைத் தாண்டினால் கத்தும். கத்தினால் அவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் படுத்துவிட வேண்டும். பட்டையைப் பராமரிப்பதும் நான்தான். எனக்கு யாரும் பட்டை கட்டவில்லை.

நாள் 136, மதியம் 13:30

பம்பு இரண்டு நாளாக மக்கர். பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். அக்கா படுத்தபடியே அழுத்தக் கணக்கைப் பார்த்துவிட்டு மூன்று வரி அனுப்பினார், பம்பு ஓடிவிட்டது. பூமியில் கைதட்டினார்கள். அவருக்கு.

உள்தொடர்பில் கேட்டேன்: "நல்லாத் தூங்கி எந்திரிச்சா சரியாகாதாக்கா?"

"ஆகாது தம்பி. நீ களைச்சா அன்னிக்கே தெரியும், தூங்குனா போயிரும். எனக்கு இன்னிக்குச் செஞ்ச வேலைக்கு நாளான்னிக்கு அடி உழுகும். வேலை செய்யறப்ப நல்லாத்தான் இருக்கும். அதாஞ் சனியன்."

நல்லாத்தான் இருக்குமாம். பிறகு எதற்குப் படுக்கை?

நாள் 138, காலை 06:40

பட்டையின் வரம்பை 105இலிருந்து 140க்கு மாற்றினேன். எண் என் திரையில் மட்டும்தான் வரும், அவருக்கும் பூமிக்கும் சத்தம் மட்டும்தான் தெரியும். இதில் தப்பில்லை. ஒரு பாலம் தாங்குமா என்று தெரிய வேண்டுமானால் பாரம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

18:00. அக்கா ஐந்து மணி நேரம் நின்று வேலை செய்தார். ஒன்றும் ஆகவில்லை. உச்சத் துடிப்பு 131. எனக்கு அப்போதே தெரியும்.

நாள் 139, மாலை 16:10

இன்றும் ஆறு மணி நேரம். பட்டை கத்தாததால் குணமாகிவிட்டது என்றே நம்புகிறார். தொண்டை வலிக்கிறது என்றார்.

டாக்டர்: "பூங்கோதை! ரெண்டு நாளா ஒரு சத்தமும் இல்லையே! அழுதுட்டேன் போ." பின்னாலேயே திட்டத் தலைவர்: "நாளைக்குக் குழி விளிம்புக்கு அவங்களே வண்டிய எடுத்துட்டுப் போகட்டும். ரூபஸ், நீ நிலையத்தப் பாத்துக்க."

அது என் பயணம். முதல் தண்ணீரை எடுக்கும் பயணம். 139 நாளும் நான் முட்டி தேய்ந்தது அதற்குத்தான். வாயைத் திறந்தால் பட்டையைத் தொட்டது தெரிந்துவிடும். "சரிங்க சார்" என்றேன்.

நாள் 140

10:15. கிளம்பிவிட்டார். தூரம் 14 கிலோமீட்டர்.

12:20. வண்டியை நிறுத்தி இறங்கிக் குழாயை மாட்டிவிட்டார். தண்ணீர் வருகிறது. பூமியில் கூச்சல். நான் கேட்கவில்லை, ஒலியைக் குறைத்துவிட்டேன்.

12:50. அக்கா: "தம்பி, வண்டி ஏணிக்குக் கீழ உக்காந்துட்டேன். கையி எந்திரிக்க மாட்டீங்குது. ஆறே படிதான். பட்டை கத்தல, அதனால தெம்பு இருக்குன்னுதான் அர்த்தம். கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு ஏறிருவேன்."

12:58. இரண்டு முறை ஏறப் பார்த்து விழுந்துவிட்டார். துடிப்பு 134. உடையில் காற்று: இப்படியே முயன்றுகொண்டிருந்தால் மூன்று மணி நேரம். அசையாமல் படுத்தால் ஐந்து. இன்னொரு வண்டி கிடையாது. நடந்தால் நாலரை மணி நேரம். படுத்தால்தான் நான் போய்ச் சேர முடியும்.

13:03. வரம்பை இங்கிருந்தே 105க்கு இறக்கினேன். பட்டை கத்தும், படுத்துவிடுவார். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

13:05. அக்கா: "உன்ற பட்டை கெட்டுப்போச்சு தம்பி. மூணு நாளாச் சும்மா இருந்துட்டு இப்பப் போய்க் கத்துது. கண்டுக்காம ஏறிப் பாக்கறேன்."

13:06. படுங்கள் என்றேன். "படுத்தாக் காத்துத் தீந்துரும்டா" என்றார். துடிப்பு 138.

13:09. சொல்லிவிட்டேன். பூமிக்கும் கேட்கும் அலைவரிசையில். "ஏறாதீங்கக்கா. பட்டை கெடல. வரம்ப நாந்தான் மாத்துனேன். மூணு நாளும் கத்தியிருக்கணும். இப்பக் கத்துறதுதான் நெசம். படுத்திருங்க, நான் வாறேன்."

உடையை மாட்டினேன். காற்றுக் குப்பியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

13:15. அக்கா: "படுத்துட்டேன். நீ பேசாத."

14:40. குரல் பதிவு. நடக்கிறேன். அவர் துடிப்பு 88. இறங்குகிறது. நல்லது. பூமியிலிருந்து டாக்டர் என்னைக் கூப்பிடவே இல்லை.

16:05. ஒன்பது கிலோமீட்டர். துடிப்பு 71. கால் எரிகிறது. முட்டி... என் துடிப்பு 150. இது இன்று தெரிகிற களைப்பு. தூங்கினால் போய்விடும். அவருக்கு இதற்கான அடி நாளை மறுநாள்தான் விழும். எத்தனை மாதத்துக்கு என்று தெரியாது. அந்தப் படுக்கையைப் பார்த்தா நான் பொறாமை...

17:10. துடிப்பு 64.

17:22. எண் வரவில்லை. மேடு மறைக்கிறது. மேடுதான்.

17:31. மேட்டில் ஏறிவிட்டேன். வண்டி தெரிகிறது. ஏணிக்குக் கீழே வெள்ளையாக, நீளமாக. அசையவில்லை. அசையக் கூடாது என்று நான்தான் சொன்னேன்.

எண் வரவில்லை. உடையின் நெஞ்சில் ஒரு பொத்தான் உண்டு, பட்டையை அணைக்க. அணைத்திருக்கலாம். நானாக இருந்தால் அணைத்திருப்பேன்.

அக்கா, ரூபஸ் பேசுறேன். பேச வேண்டாம். கைய மட்டும்... வேண்டாம், கையையும் தூக்காதீங்க. வந்துட்டேன்.