ஒரு பக்கம் மட்டும் பலகை போட்ட கப்பல்

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூரு.
வியாழக்கிழமை

அன்பு மகன் க்ளென்னுக்கு,

மம்மி எழுதுவது. கர்த்தர் கிருபையால் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன், நீயும் டப்ளின் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். டாடி வெள்ளிக்கிழமை தவறாமல் மஸ்கட்டிலிருந்து கூப்பிடுகிறார், அடுத்த வருடம் வந்துவிடுவேன் என்று இந்த வருடமும் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு மரத்தில் பெரிய கிளையை வெட்டிவிட்டார்கள், சாப்பாட்டு மேஜை வரை இப்போது சாயங்கால வெயில் வருகிறது. சிந்தியா ஆன்ட்டி மகளுக்கு நிச்சயமாகிவிட்டது. சர்ச் பாடகர் குழுவுக்கு ஏன் வருவதில்லை என்று சிந்தியா கேட்டாள், தொண்டை சரியில்லை என்றேன். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

பொழுதுபோக நானே ஒட்டிச் செய்யட்டும் என்று நீ வாங்கி அனுப்பிய மரக் கப்பலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வீடியோ காலில் சொல்லப் பார்த்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். அதனால் கூரியர். நான்கு நாளில் கிடைத்துவிடுமாம், நீ மாதக் கடைசியில் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்குள் வந்துவிடும். முதல் ஞாயிறு உனக்கு இரண்டு பலகைகளைக் காட்டினேன், நினைவிருக்கிறதா? இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அப்படித்தான் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும் என்று கூடவே வந்த புத்தகத்தில் தெளிவாக எழுதியிருந்தது, நானும் மூன்று தடவை படித்தேன். நீ சிரித்துக்கொண்டே, “என்ன மம்மி, ஒரு வாரத்துக்கு ரெண்டு குச்சிதானா? நான் ரிட்டயர் ஆறதுக்குள்ள முடிச்சிடுவீங்களா?” என்றாய். கேலிதான், தெரியும். ஆனால் மறுவாரம் உனக்குக் காட்ட இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று, போனுக்குத் தெரிகிற பக்கத்திலேயே எல்லாவற்றையும் ஒட்டினேன். வெந்நீரில் ஊறவைத்து, விரலால் மெல்ல வளைத்து, முனையைச் சீவி, குண்டூசி குத்தி ஒவ்வொன்றாக. நீ “சூப்பர் மம்மி” என்றாய். அடுத்த வாரமும் அதே பக்கம்தான். ஆறு வாரத்தில் அந்தப் பக்கம் பதினான்கு பலகையோடு பளபளவென்று நின்றது, மறுபக்கம் முதல் வாரத்துப் பலகை ஒன்றைத் தவிர விலா எலும்பு மாதிரி வெறும் சட்டங்கள்தான்.

ஊறின மரம் காயும்போது சுருங்கும், சுருங்கினால் தன் பக்கம் இழுக்கும். எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்த அந்த ஒரு பலகை போதாததால், முதுகெலும்பு மாதிரி இருக்கும் நடுப்பலகையே வளைந்துவிட்டது. எனக்கு முன்னால் வீட்டு வேலைக்கு வரும் லட்சுமம்மாதான் கண்டுபிடித்தாள். துடைப்பத்தோடு நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து, “அய்யோ அக்கா, உங்க கப்பலுக்குப் பக்கவாதம் வந்துடுச்சே! சும்னே, சும்மா ஒரு பக்கமே ஒட்டிக்கினு இருந்தா வேற என்ன ஆகும்?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் போன பிறகு ரொம்ப நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். போன ஞாயிறு வளைவு தெரியாதபடி போனைச் சாய்த்துப் பிடித்துத்தான் உனக்குக் காட்டினேன். அதைப் பார்த்துத்தான் நீ, “இப்பதான் மம்மி எனக்கு நிம்மதியா இருக்கு. நீங்க பிஸியா, ஹேப்பியா இருக்கீங்க. அந்த மூணு வருஷ கான்ட்ராக்ட்ல சைன் பண்ணிடறேன்” என்றாய். பண்ணு கண்ணா என்று நானும் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் முழுவதையும் பிரித்துவிட்டேன். வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டுப் போட்டுப் பசையை இளக வைத்தேன், பதினொன்று முழுசாக வந்தன, மூன்று உடைந்துபோயின. நடுப்பலகையை இரண்டு கட்டைக்கு நடுவே வைத்து என் அகராதிகளை மேலே அடுக்கியிருக்கிறேன், நிமிருமா என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது எடுத்துப்போய் உன் புது வீட்டில் வைப்பதாகச் சொன்னாய், அதற்குள் முடியாது. மன்னித்துக்கொள்.

கையெழுத்துப் போடாதே என்று எழுதவில்லை. உனக்கு அந்த வேலை பிடித்திருந்தால் போடு, நான் ஒரு வார்த்தையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் மம்மி சந்தோஷமாக இருக்கிறாள் என்று நம்பிப் போடாதே. நான் அப்படி இல்லை. ஆபீசிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் வீட்டுக்குள் யாரும் திரும்பிப் பார்க்காத அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் பழகவில்லை. படிக்க எடுக்கும் புத்தகத்தில் பக்கம் நகர்வதில்லை. சனிக்கிழமை முழுக்க என் குரலை நானே கேட்காத வாரங்கள் உண்டு. இதற்கு நீ காரணம் இல்லை, நீ சரிசெய்ய வேண்டியதும் இல்லை. தெரிந்துகொண்டு முடிவு செய், அவ்வளவுதான்.

படித்ததும் பதறிப்போய் நடு வேலையில் கூப்பிடாதே, டாடிக்கும் இப்போதைக்குச் சொல்லாதே, அவரிடம் நானே சொல்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. போகும் வழியெல்லாம் கர்த்தர் உன்னோடு இருப்பாராக. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கூப்பிடு. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் கூப்பிடு.

முத்தங்களோடு,
உன் மம்மி