பெயர் வெட்டிய டம்ளர்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
கார்த்திகை மாதம், 1961

நெல்லிக்குப்பத்தில் அப்பன் வீட்டோடு இருக்கும் மருமகள் சுலோசனாவுக்கு மாமியார் சின்னப்பொண்ணு எழுதுவது. இங்கே நானும் உன் புருஷனும் இருக்கிறோம். என் பேரப்பிள்ளைகள் வேம்புவும் பக்கிரியும் எப்படி இருக்கிறார்கள் என்று நீயாக எழுத மாட்டாய். அதனால் நானே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். பிழை இருந்தால் உன் அப்பாவிடம் காட்டிச் சிரிக்காதே.

மழை விடவில்லை. கொல்லைச் சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. உன் புருஷன் கலியபெருமாள் மில்லுக்கு ஒழுங்காகப் போகிறான். இதை நீ நம்ப மாட்டாய், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, ஆவணியில் ஒரு நாள் அடுப்படிப் பலகையில் உன் டம்ளரைக் காணோம். உன் சீரில் வந்ததே, சுலோசனா என்று பெயர் வெட்டிய பித்தளை டம்ளர். "சம்பந்தியம்மா டம்ளர விட எங்க பொண்ணுது கனம்" என்று உன் சின்ன அத்தை கல்யாணப் பந்தியில் சொன்னாளே, அதேதான். அவள் மறந்திருப்பாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்த ஊதாப் புடவைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

விற்றுக் குடித்துவிட்டான் என்று தெருவே கேட்கத் திட்டினேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தலை சீவி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். குடிக்கப் போகிறவன் தலை சீவ மாட்டான். டம்ளரை எவளோ ஒருத்தி வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறான் என்று முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அவன் நுழைந்தது தேவதாஸ் வீட்டுத் தறிக்கொட்டகையில். சைகோனில் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து இப்போது பென்ஷன் வாங்குகிறாரே, அவர்தான். குடித்து ஈரல் கெட்டு பாரிசில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, குடியை விட்டவர்கள் கூடி உட்கார்ந்து பேசும் ஒரு கூட்டத்துக்குப் போனாராம். இங்கேயும் அப்படி ஒன்று நடத்துகிறார். சாராயக்கடைச் சாக்கடையில் விழுந்து கிடந்த உன் புருஷனைத் தூக்கி உட்கார வைத்துக் கூப்பிட்டவரும் அவர்தான்.

அவர் பெண்சாதி ஆயம்மா என்னை வாசலிலேயே மறித்தாள். "உள்ள போவாதீங்கம்மா, பொம்பளைங்க வந்தா இவங்க வாய் தொறக்க மாட்டாங்க" என்றாள். ஜன்னல் பக்கம் நின்று பார்த்தேன். பாயில் வட்டமாக உட்கார்ந்து ஆம்பளைகள் டீ குடிக்கிறார்கள். ஒவ்வொருவன் கையிலும் வேறு வேறு டம்ளர். என் மகன் கையில் உன்னுடையது. புதிதாக வருகிறவனிடம் தேவதாஸ் ஒன்றுதான் சொல்வாராம்: "ஊட்ல எந்த டம்ளர்ல சாராயம் ஊத்த ஒனக்குக் கை வராதோ, அத எடுத்துக்கினு வா."

என் பெயர் வெட்டிய டம்ளரும் அதே பலகையில்தான் இருந்தது, சுலோசனா. அவனுக்குப் பால் புகட்டிய டம்ளர் அது. அதில் சாராயம் ஊற்றிக் குடித்திருக்கிறான். அதற்கு அவனுக்குக் கை வந்தது.

அவன் முறை வந்ததும், "பொண்டாட்டி பிள்ளைங்களோட போயிட்டா. அவ போனது நாயம்" என்று சொல்லி அழுதான். ரிக்‌ஷா இழுக்கிற அம்மாவாசை அவன் முதுகைத் தடவினான். என் மகனின் வாந்தியை வாரிக் கொட்டிய கை என்னுடையது. என்னிடம் ஒருநாளும் அவன் அழுததில்லை.

மறைக்காமல் சொல்கிறேன், தீபாவளிக்குக் குடித்துவிட்டான். உங்கள் பக்கம் மதுவிலக்கு என்று உன் தம்பி எல்லை தாண்டி வந்து பாட்டிலோடு நின்றால், அவன் என்ன செய்வான். மறுநாள் அவனே கொட்டகைக்குப் போய்ச் சொன்னானாம். எனக்கு ஆயம்மா சொல்லித்தான் தெரியும். என் பிள்ளையைப் பற்றி எனக்கு அவள் சொல்கிறாள். அவளை அவன் அக்கா என்று வேறு கூப்பிடுகிறான். அதற்குப் பிறகு தொடவில்லை. இனிமேல் தொடவே மாட்டானா என்று தேவதாஸிடம் கேட்டேன். "இன்னிக்குத் தொடலம்மா, அவ்ளோதான் சொல்ல முடியும்" என்றார்.

போய்க் கூட்டிக்கொண்டு வாடா என்றால், "எந்த மொவத்தோட போவேன்" என்கிறான். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் சோற்றில் கை அப்படியே நிற்கிறது. எதிரே நான் உட்கார்ந்திருக்கிறேன், என்னைத் தாண்டித் தெருவைப் பார்க்கிறான். கொட்டகை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் காலி வீட்டுக்குத்தானே வருகிறான். எத்தனை நாள் தாங்குவான் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

தானே உனக்கு எழுதுவதாக ஆயம்மா சொன்னாள். என் மருமகளுக்கு ஊரார் எழுத வேண்டாம் என்றேன். அவனுக்கு இந்தக் கடிதம் தெரியாது.

பொங்கலுக்குள் வா. பிள்ளைகளுக்குக் குளிருக்குப் போர்த்தி அழைத்து வா. உன் டம்ளர் கொட்டகையை விட்டு வராது, வரவும் வேண்டாம். என்னுடையதைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நீ வந்தால் அதில்தான் உனக்குக் காப்பி. குடிப்பாயா என்று ஒரு வரி எழுது.

வேம்புவும் பக்கிரியும் நூறாயுசு இருக்க வேண்டும். நீயும்தான்.

இப்படிக்கு,
சின்னப்பொண்ணு