மூன்றாவது டப்பாவின் வலை

நொச்சி இலைச்சாறு கொசுப்புழுவைக் கொல்லுமா என்று பார்க்க, லின்சி தன் ஆராய்ச்சிக்காக வலங்கைமான் வீட்டின் பின்கட்டில் வலை கட்டிய டப்பாக்களில் கொசு வளர்த்துவந்தாள். மகள் ஜெனிட்டா டெங்குவில் விழுந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், "உன் கொசுதான் கடிச்சிருக்கும்" என்றான் கணவன் கிளமென்ட். அதற்குப்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, வேலைக்குப் போயிருந்த, மத்தியானம் சாப்பிட வரும் அவனுக்குச் சீட்டு எழுதினாள்.

"சோறு குக்கர்ல இருக்கு, ரசத்தைச் சூடு பண்ணிக்குங்க. வரும்போது பாப்பா போர்வையை எடுத்துட்டு வாங்க. மூணு மணிக்கு, நொச்சிச்சாறு ஊத்தின டப்பாவுல எத்தனை புழு செத்திருக்குன்னு எண்ணி எழுதிடுங்க. நேரம் தப்பினா ஆறு மாச வேலை போயிடும். பிடிக்கலைன்னா எல்லாத்துலயும் வெந்நீர் ஊத்திக் கொட்டிடுங்க. ஏன்னு கேட்க மாட்டேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் வாசலைத் தாண்ட அவளால் முடியவில்லை. திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"மூணாவது டப்பாவோட வலை ஓரத்துல கிழிஞ்சிருக்கு. போன வாரமே பார்த்தேன், உங்ககிட்ட சொல்லலை. அதனாலதான்னு சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியலை."

வார்டில் பிள்ளையின் கையைப் பிடித்தபடி பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். இந்நேரம் படித்திருப்பான். எழுதியதைத் திரும்ப எடுக்க வழியில்லை; எழுந்து எங்கும் போகவும் வழியில்லை.

மாலையில் கிளமென்ட் போர்வையோடு வந்தான். அதே தாளை நீட்டினான். பின்பக்கம், "இருபதுல பதினெட்டு செத்திருக்கு" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே, "வலையைத் தைச்சுட்டேன்."